கிளிக் செய்த இரண்டு வீடுகள்

விளம்பரம் என்றாலே எனக்கு ஆகாது. ஒருமுறை முழங்கால் வலிக்கு மருந்து தேடினேன். அதற்குப் பிறகு சமையல் குறிப்பு, தேர்தல் செய்தி, எதைத் திறந்தாலும் தைலம் வந்து நின்றது. கேரள எல்லையோரப் பாறசாலைக்காரனான நான் தமிழனா மலையாளியா என்று மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. அதனால் இரண்டு மொழியிலும் விற்றது.

வெறுமனே மறைத்தால் என் ஆத்திரம் அடங்காது போலிருந்தது. பிரவுசரில் ஓர் எக்ஸ்டென்ஷன் போட்டேன். அது விளம்பரங்களை என் கண்ணில் காட்டாது. ஆனால் பின்னால் அத்தனையையும் ஒன்று விடாமல் கிளிக் செய்துவிடும். எல்லாவற்றையும் விரும்புகிறவனை யார் வேவு பார்த்து என்ன பயன்? பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவரிடம் இதைப் பெருமையாக விளக்கினேன்.

"அந்தக் கிளிக்குக்கெல்லாம் யாராக்கும் மக்கா பைசா குடுக்கது?" என்றார்.

பெரிய கம்பெனிக்காரன் கொடுக்கட்டும் என்றேன்.

அந்த டிசம்பரில் என் மனைவி கிறிஸ்துமஸ் கேக் விற்கத் துணிந்தாள். சேர்த்துவைத்ததில் பாதி ஓவனுக்குப் போனது, மீதி இணைய விளம்பரத்துக்கு. நம் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. யாராவது கிளிக் செய்தால் அவள் கட்டிய பணத்தில் கொஞ்சம் குறையும்.

மறுநாளே போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

"பாத்தியளா, ரெண்டையும் விடாம பாக்காவ! ஒண்ணு தமிழ் வீடு, ஒண்ணு மலையாள வீடாக்கும். கூப்பிட வெக்கப்படுதாவ போல."

அந்த வெட்கக்காரர்களுக்காக இரண்டு கேக் சுட்டுத் தனியே எடுத்தும் வைத்துவிட்டாள். நான் கிளிக் விழுந்த நேரங்களைப் பார்த்தேன். எல்லாம் நான் செய்தி படிக்கும் நேரம். பணம் கரைந்துகொண்டே இருந்தது, ஓர் ஆர்டர்கூட வந்திருக்கவில்லை. எக்ஸ்டென்ஷனை அப்போதே தூக்கினேன். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. பணம் போனதை அவள் தாங்கிக்கொள்வாள். அந்த இரண்டு வீடுகளும் இல்லை என்பதை எப்படித் தாங்குவாள்?

அதோடு கிளிக் நின்றது. அடுத்த நாள் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவள் சபைப் போதகர், நோயாளிகள், கடலுக்குப் போனவர்கள் என்று வழக்கமான எல்லாருக்காகவும் வேண்டி முடித்தாள். பிறகு, "கர்த்தாவே, எங்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு குடும்பங்களுக்கும் என்ன சங்கடமோ, நீரே ஆறுதல் தாரும்" என்றாள்.

இரண்டு குடும்பத்தின் சார்பிலும் நான் ஆமென் சொன்னேன்.