பதினோராவது வளைவு

இளநீரைக் கையில் வாங்கியதும் மர்சலின் குடிப்பதில்லை. ஸ்ட்ராவை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்ல வளைத்து, வளைகிற இடத்தில் அதன் வட்டம் எப்படிச் சப்பையாகிறது என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். அப்புறம்தான் உறிஞ்சல் எல்லாம். தேனாம்பேட்டைச் சந்தில் தள்ளுவண்டி போட்டிருக்கும் தமிழ்மாறனுக்கு இது தினசரி வேடிக்கை. "இன்னாக்கா, இளநி குடிக்க வந்தியா, ஸ்ட்ராவுக்கு வைத்தியம் பாக்க வந்தியா?" என்பார். "காய்தத்துல வர்றது ஒண்ணும் சரியில்லப்பா. வளைக்குறதுக்குள்ள உயிர விட்டுடுது" என்று மர்சலின் நிஜமாகவே வருத்தப்படுவார்.

நாற்பத்தெட்டு வயது. சாந்தோமில் வீடு. அந்தச் சந்தின் கோடியில், மூன்றாவது மாடியில் ஆபீஸ். தொழிற்சாலைகளுக்குக் குழாய் போடுமுன், அது தாங்குமா தாங்காதா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை என்பதால், உலகத்தில் எது வளைந்திருந்தாலும் கண் அங்கேதான் போகிறது. வடபழனியில் நாத்தனார் மகள் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கூடத்துக் கூரையை அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றதைக் கணவர் காஸ்பர் இன்னும் சொல்லிச் சிரிப்பார். "பொண்ணு மாப்பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணுடின்னா, கேஸ் பைப்ப ஆசீர்வாதம் பண்ணிட்டு இருக்கா."

அவர் கண் ஏன் வளைவையே தேடுகிறது என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். "நேர் பைப்பு வம்பு தும்புக்குப் போகாது சார். வளைவு இருக்கே, பெண்டு, அதுதான் எல்லா வேலையும் பண்ணும்" என்பார். சூடான நீராவி ஓடும்போது இரும்பு நீளும். நீளுவதற்கு இடம் கொடுப்பவை வளைவுகள். அப்படிக் கொடுக்கும்போது குழாயின் வட்ட வாய் கொஞ்சம் முட்டை வடிவத்துக்கு நசுங்கும். நசுங்குகிற இடத்தில் இரும்பு படும் பாடும் அதிகம். அந்தப் பாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், 'இது வளைவு' என்று மென்பொருளிடம் தனியாகச் சொல்ல வேண்டும். வரைபடத்திலிருந்து குழாயை உள்ளே இழுக்கும்போது அது ஒவ்வொரு வளைவையும் குட்டிக் குட்டி நேர்த்துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளும். திரையில் பார்த்தால் அழகாக வளைந்துதான் தெரியும். ஆனால் அந்தத் துண்டுகளுக்கு நசுங்கவே தெரியாது. சிரமமே இல்லை என்று கூசாமல் பொய்க்கணக்குக் கொடுக்கும். ஒவ்வொரு வளைவாகத் தொட்டு மாற்றுவதும், மாற்றினோமா என்று மறுபடி எண்ணிப் பார்ப்பதும் மர்சலினின் பாடு.

போன மாதம் வரை அவர் எண்ணியது ஜெபமாலையில். வலது கையில் மவுஸ், இடது கையில் கைப்பைக்குள் மணிகள். ஒரு வளைவைச் சரிபார்த்தால் ஒரு மணி நகரும். "ஜெபம் இல்ல, கணக்குதான். மாதா கோச்சுக்க மாட்டாங்க" என்று பக்கத்து நாற்காலி ஈவ்லினிடம் சொல்லியிருக்கிறார்.

போன மாதம், நான்கு வருடத்துக்கு முன் முடித்துக்கொடுத்த ஒரு பால்பவுடர் ஆலையின் நீராவிக் குழாய்க் கணக்கை மறுபடி திறக்க வேண்டி வந்தது. ஆலைக்காரர்கள் புதிதாக ஒரு கிளை இழுக்க விரும்பினார்கள். காலை பத்தரை மணி. மர்சலின் வளைவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். பத்தாவது மணி நகர்ந்தது. அடுத்து விரலில் தட்டுப்பட்டது, கொஞ்சம் இடைவெளி விட்டுத் தனியாகக் கோத்திருக்கும் மணி. பத்து முடிந்தது என்பதற்கு அடையாளம் அதுதான். கை தானாகப் பையை விட்டு வெளியே வந்தது. ஆனால் திரையில் குழாய் முடியவில்லை. சுவரைத் தாண்டி இன்னொரு வளைவு இருந்தது. தொட்டுப் பார்த்தார். நேர்க்குழாய் என்றது.

நான்கு வருடத்துக்கு முன்பும் இதே கை, இதே மணியில்தான் நின்றிருக்கிறது.

மர்சலின் வரைபடத்தை எடுத்து, அந்த வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார். கேன்டீனின் கை கழுவும் இடம். எட்டுத் தண்ணீர்க் குழாய்கள், வரிசையாக. நான்கு வருடமாக மூன்று ஷிப்ட் ஆட்களும் அதற்கு அடியில் நின்றுதான் கை கழுவுகிறார்கள்.

மேலாளர் நிரஞ்சனிடம் போய்ச் சொன்னார். அவர் கெட்டவரில்லை, பதற்றக்காரர். "மேடம், முதல்ல கணக்க சரியா ஒரு ரன் போடுங்க. தாங்கும்னு வந்துட்டா புது ரிப்போர்ட்ல மாத்திடலாம். யாருக்கும் தெரியவே வேணாம்" என்றார்.

"தாங்காதுன்னு வந்தா? அதுவரைக்கும் அவங்க அங்கதான நிப்பாங்க?" என்ற மர்சலின், அவர் எதிரிலேயே போனை எடுத்து ஆலையின் பராமரிப்பு அதிகாரி வலியுல்லாவைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரே ஆச்சரியம். "லைன் சூப்பராத்தான் ஓடிக்கினு கீது மேடம். ஒரு சொட்டு லீக் இல்ல."

"ஓடட்டும் சார். கேன்டீன்ல கை கழுவுற குழாய் கிட்ட மட்டும் யாரும் போக வேணாம். கயிறு கட்டிடுங்க. மத்தியானத்துக்குள்ள சொல்றேன்."

"காரணம் கேப்பாங்களே?"

"நான் ஒரு பெண்டை விட்டுட்டேன்னு சொல்லுங்க. மர்சலின்னு பேரையே சொல்லுங்க."

வளைவை வளைவென்று மாற்றிக் கணக்கை மறுபடி ஓட்டினால் போதும். சில நிமிட வேலை. அவருக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வளைவை மட்டும் பொடிப்பொடிச் சதுரங்களாக்கித் தனியாகவும் ஓட்டினார். முக்கால் மணி நேரம் பிடித்தது. ஈவ்லின் கொண்டுவந்து வைத்த டீ ஏடு கட்டிப்போயிற்று. பழைய அறிக்கையில் அந்த இடத்தில் இரும்பு படும் பாடு என்று அவரே எழுதியிருந்தது, தாங்கும் அளவில் நூற்றுக்கு முப்பது. இப்போது ஒரு கணக்கு எழுபத்திரண்டு என்றது. இன்னொன்று எழுபத்து நான்கு.

நூற்றுக்குள்தான். "அப்பாடா!" என்று மர்சலின் போட்ட சத்தத்தில் நாலு மேஜை தள்ளி இருந்தவர்கள் திரும்பினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் ஒன்று முதல் பதினொன்று வரை எழுதி ஒவ்வொன்றாக அடித்தார். அதற்குப் பிறகு வளைவுகளை எண்ணுவதெல்லாம் பென்சிலால்தான்.

மணி பன்னிரண்டரை. "கயித்த அவுத்துடுங்க சார். தாங்கும். லெட்டர் அனுப்புறேன், என் தப்பையும் அதுல எழுதித்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வலியுல்லா. "பசங்கோ தட்டக் கையில வச்சிக்கினு என்னியே மொறச்சிக்கினு கீறாங்கோ. இதோ அவுக்குறேன்."

போனை அணைக்காமலேயே அவர் கயிற்றை அவிழ்க்கப் போனார். திபுதிபுவென்று ஆட்கள் வரும் சத்தம். ஒரு குழாய் திறந்தது, பிறகு எல்லாம் திறந்தன. யாரோ கொப்பளித்தார்கள். யாரோ பக்கத்து ஆள் மேல் தண்ணீர் தெளித்துத் திட்டு வாங்கினார்கள். "ஹலோ, மேடம், லைன்ல கீறீங்களா?" என்று வலியுல்லா இரண்டு தடவை கேட்டார். மர்சலின், ஏதோ பேச வந்த நிரஞ்சனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டு, போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டார்.