காரணம் சொல்லாமல் கேட்ட மண்ணெண்ணெய்

நான் வசிக்கும் நோர்வே நகரத்தில் சனிக்கிழமைகளில் கடைவாசலில் யாராவது ஏதாவதொரு நல்ல காரியத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு ஓர் இளம் தம்பதி மேசை போட்டு வாஃபல் சுட்டு விற்றார்கள். மேசைக்கு முன்னால் பெரிய படம். மூக்கிலும் காலிலும் குழாய் செருகிய, உள்ளங்கையளவு பிள்ளை. பெயர், பிறந்த நாள், எத்தனை கிராம் என்பதுவரை எழுதி ஒட்டியிருந்தார்கள். குறைமாதத்தில் பிறந்த தங்கள் மகளைக் காப்பாற்றித் தந்த ஆஸ்பத்திரிப் பிரிவுக்காகச் சேர்க்கிறார்களாம். ஊரிலுள்ள கண்ணெல்லாம் வந்து போகிற வாசலில் பிள்ளையின் நிறையை எழுதி வைப்பார்களா? தாய் சிரித்த முகத்தோடு, "வடிவான பிள்ளை, இல்லையா?" என்று கேட்டாள். கண்ணூறு பட்டுவிடக்கூடாதே என்ற பதற்றத்தில், எனக்குத் தெரிந்த நோர்ஸ்க் மொழியில் தெளிவாக, "இல்லை, அவ்வளவு வடிவில்லை" என்றேன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல வாழ்த்துக் கிடையாது. அவளுடைய முகம் சுருங்கிப்போனது. தகப்பன் மாக் கரண்டியோடு என்னையே பார்த்தான். நான் இரண்டு வாஃபல் வாங்கி, மிச்சக் காசை வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, கார் நின்ற திசைக்கு நேரெதிராக நடந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவி வசந்தியிடம் சொன்னேன். அவள் வாஃபலைத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினாள். "உங்களுக்கு வாய் திறக்கவேண்டிய இடத்திலை பூட்டு. மூடவேண்டிய இடத்திலை கதவே இல்லை." அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் ஒரு பிள்ளைக்காகச் சேர்க்கப் போனவன்தான். அந்தக் கூத்தை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய்க் கன காலம். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் சவ்வாதைப்போலச் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். விளக்கும் அதில்தான், மோட்டார் சைக்கிளும் அதில்தான். கொக்குவிலில் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காலத்தில்தான் மகள் பிறந்தாள், ஏழாம் மாதத்திலேயே. பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஓர் இன்குபேற்றர் இருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு சின்ன ஜெனரேற்றரும் இருந்தது. துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். எண்ணெய்தான் இல்லை. இருந்த கொஞ்சமும் ஒப்பரேஷன் தியேட்டருக்கே போதாது. டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "சூடு விடாமல் வைச்சிருந்தால் பிள்ளை தப்பும். எண்ணெய்க்கு நீங்களும் எங்கையெண்டாலும் பாருங்கோ." ஜெனரேற்றர் நின்ற நேரங்களில் தாதி மிஸிமார் சேலைன் போத்தல்களில் சுடுதண்ணீர் விட்டு, துணி சுற்றி, பிள்ளையின் இரண்டு பக்கமும் அணைகொடுத்தார்கள். தண்ணீர் ஆற ஆற மகளின் கால்கள் நீலமாகும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சைக்கிளை எடுத்தேன்.

எடுக்கும்போதே மாமி, வசந்தியின் தாயார், மறித்தார். "தம்பி, முப்பத்தொண்டு கழியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. குறைமாதப் பிள்ளை. ஆரின்ரையும் வாயிலை விழுந்தால் தாங்காது." பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் மற்றவர் வீட்டுக்குள் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அத்துடன் இப்போது பிள்ளையைப் பற்றி வாயும் திறக்கக்கூடாது. படித்த மனிதன், விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? "ஓம் மாமி" என்றேன். அதிலும் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பிள்ளைக்கென்று கையேந்துவதைவிட, காரணம் சொல்லாமல் கேட்பது கொஞ்சம் மரியாதையான வேலை என்று நினைத்தேன்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுப் படலைக்கும் வெளியே, ஒரு காலை நிலத்தில் ஊன்றிச் சைக்கிளில் இருந்தபடியே கூப்பிட்டேன். "மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைக்குமோ?" எதற்கு என்று கேட்டார்கள். "ஒரு அலுவலுக்கு." உள்ளே வாரும் என்றார்கள். "இல்லை, அவசரம்." ஊருக்கு நான் மாஸ்ரர். மாஸ்ரர் வழக்கமாக உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்காமல் போகாத ஆள். இப்போது படலை தாண்ட மாட்டேன் என்கிறார், எண்ணெய் கேட்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார், முகமும் சரியில்லை. பின்னேரத்துக்குள் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க ஒரே முடிவுக்கு வந்துவிட்டது: மாஸ்ரர் ஒருவருக்கும் தெரியாமல் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போகப் போகிறார், படகு எஞ்சினுக்குத்தான் எண்ணெய் சேர்க்கிறார்.

அடுத்த நாள் காலை முன்வீட்டுக் கந்தசாமி அண்ணை ஒரு பொதியோடு வந்தார். "மறைக்காதையும் தம்பி, விளங்குது. எப்ப வெளிக்கிடுறீர்?" பொதியைக் கையில் திணித்தார். "என்ரை மூத்தவன் கனடாவிலை, தெரியும்தானே. உந்த மிளகாய்த்தூளைக் கொழும்பிலை போஸ்ற் பண்ணிவிடும். அவனுக்கு அங்கத்தையத் தூள் வயித்துக்கு ஒத்துக்கொள்ளுதில்லையாம்." எண்ணெய் கேட்டேன். "உமக்குத் தந்துபோட்டு நான் இருட்டுக்கை இருக்கிறதோ?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். பனம்பழப் பினாட்டு, ஒடியல்மா, இலண்டன் பேரனுக்குக் கட்டிய திருநீறு. மண்ணெண்ணெய் மட்டும் ஒரு கோப்பைகூட வரவில்லை. இல்லை, நான் போகவில்லை என்று சொல்லலாம்தான். அப்படியென்றால் எண்ணெய் எதற்கு என்று கேட்பார்கள். எனவே எல்லாப் பொதிகளையும் வாங்கி வைத்தேன். என்னைவிடப் பெரிய மடையன் அந்த வாரம் குடாநாட்டில் இருந்திருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரியில் வசந்திக்குப் பக்கத்துக் கட்டிலில் மீனவர் ஊரான குருநகர் றீற்றாக்கா. அவருடைய மகனும் முந்திக்கொண்டு வந்தவன். என் மகளோடு அதே சூட்டை நம்பிக் கிடந்தான். வெறும் எண்ணெய்க் கான் ஒன்றோடு நான் திரும்பி வந்ததைக் கண்டு விசாரித்தார். வசந்தி அழுதழுது எல்லாம் சொன்னாள். றீற்றாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை சாகக் கிடக்குதெண்டு சொல்ல வெக்கமோ மாஸ்ரர்? நாளைக்கு ஞாயிறு. என்னோடை கோயிலுக்கு வாங்கோ."

துடக்கோடு எங்கள் கோயிலுக்குப் போகக்கூடாது. மாதா கோயிலுக்குப் போகலாமா என்பது பற்றி எங்கள் சட்டத்தில் ஒன்றும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றியபடி நான் அதை யோசித்துக்கொண்டிருக்க, றீற்றாக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். றீற்றாக்கா முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும், பூசை முடிவில் பாதர் என்னை முன்னுக்கு அழைத்து நிறுத்தினார். என் மகள் எந்த மாதத்தில் பிறந்தாள், எவ்வளவு சின்னவள், எது இல்லாவிட்டால் இறந்துபோவாள் என்று எல்லாவற்றையும் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வாங்கில் இருந்தவருக்கும் கேட்க எடுத்துச் சொன்னார். மாமி பயந்தது அத்தனையும் நடந்தது. நான் கானைக் கட்டிப்பிடித்தபடி, தேங்காய் திருடிப் பிடிபட்டவன்போலத் தலைகுனிந்து நின்றேன். கண் மட்டும் என்னை மீறி ஒழுகியது.

கடலுக்குப் போகத் தடையிருந்த காலம் அது. ஒளித்துப் போகிறவர்களுக்கு எஞ்சினில் கிடக்கிற எண்ணெய்தான் அடுத்த நாள் சோறு. அந்தச் சனம் வீட்டுக்குப் போய்ச் சோடாப் போத்தலிலும் பால்ரின்னிலும் கொண்டுவந்து ஊற்றியது. விளக்கைக் கழற்றி அடியில் கிடந்ததைக் கவிழ்த்தவர்களும் இருந்தார்கள். அன்று பின்னேரமே ஜெனரேற்றர் சத்தம் போட்டது. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. கதை கொக்குவிலுக்கும் போய்ச் சேர, கந்தசாமி அண்ணை இரண்டு போத்தலோடு ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தார். "மடையா, பிள்ளைக்கெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இல்லையெண்டிருப்பனோ?" என்று கண் கலங்கினார். கொஞ்சம் பொறுத்து, "அப்ப அந்த மிளகாய்த்தூள்?" என்றார். அதற்குள் மாமி அதில் இரண்டு கறி வைத்துவிட்டிருந்தார்.

மகள் அபி பிழைத்தாள். றீற்றாக்காவின் மகனும் பிழைத்தான். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து குடாநாடே பெயர்ந்து நடந்தபோது யார் யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது. நாங்கள் நோர்வேக்கு வந்து சேர்ந்தோம். அபி பனியில் ஓடி, நோர்ஸ்க்கில் கோபப்பட்டு, எந்த ஊர் என்று கேட்டால் இந்த நகரத்தின் பெயரைச் சொல்லி வளர்ந்தாள். தவறும் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஊர் இதுதான்.

போன மாரிக்குளிரில் பாரிஸில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். கையில்லாத சட்டைக்குச் சேலை உடுத்து, காற்றுப் பிடிக்க அபி மண்டப வாசலில் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வயதானவர் என் முகத்தையே பார்த்தபடி வந்தார்.

"கொக்குவில் மாஸ்ரர்தானே?"

"ஓம்."

"உவதானோ அந்தப் பிள்ளை?" என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "அண்டைக்கு என்ரை லாம்பிலை கிடந்ததையும் ஊத்தித் தந்தனான். குளிருதோ பிள்ளை?"

"இல்லை அங்கிள், எனக்குப் பழக்கம்" என்றாள் அபி, சொற்களைத் தேடித் தேடி. உண்மைதான், அவள் மாரியில் கடலில் குளிக்கிறவள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டு, மேல் பொத்தானையும் பூட்டிவிட்டார். தெருவில் யாரோ காரிலிருந்து கூப்பிட, வெறும் சேர்ட்டோடு அவசரமாகப் போய் ஏறிவிட்டார்.

"பப்பா, யார் அவர்?"

எனக்குப் பெயர் தெரியாது. சொந்தக்காரர் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன முறை என்று கேட்பாளே என்று விட்டுவிட்டேன். மண்டபத்துக்குள் ஒரே புழுக்கம். அபி கோட்டைக் கழற்றவில்லை. மறுநாள் விமான நிலையத்திலும் விரல்நுனி மட்டும் தெரிய அந்தக் கோட்டுக்குள்தான் நின்றாள். பயணச் சீட்டைப் பார்த்த பெண், "வீட்டுக்குப் போகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் மகள் தமிழில் "ஓம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. விடை வரட்டும் என்று எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.