இன்னொரு ரெத்தினம்

அம்சம் தன் கணவனின் பெயரை அவன் உயிரோடு இருந்தவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். வயலில் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் "இந்தாங்க" என்பாள். பக்கத்தில் நிற்கும் ஆண்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். குரல் தெரிந்து அவன் மட்டும் எழுந்து வருவான்.

அவன் பெயர் ரெத்தினம். குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்துத் தெருவில் குடிசை. மிராசுதாரின் பண்ணையில் இருவரும் கூலிவேலை பார்த்தார்கள். குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதுதான்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. இனிமேல் நமக்கும் நல்ல காலம் வரும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அடுத்து வந்த தை மாதத்தில், சம்பா அறுவடைக்கு முன்னால், கூலியில் கொஞ்சம் நெல் கூட்டித் தரும்படி கூலிக்காரர் சங்கம் கேட்டது. மிராசுதார் மறுத்துவிட்டார். ஒரு காலையில் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார்.

தெருவே வரப்புக்கு ஓடியது. முன்னால் நின்றவன் ரெத்தினம்.

"நீங்களும் கூலிக்காரங்கதானே? எங்க வயித்துல அடிக்காதீங்க. ஊருக்குத் திரும்பிப் போயிடுங்க" என்று கும்பிட்டுக் கேட்டான்.

பண்ணையின் அடியாள் ஒருவன் பின்னாலிருந்து வந்து கம்பால் மண்டையில் அடித்தான். பக்கத்தில் நின்ற தம்பி வைரக்கண்ணுதான் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மாட்டுவண்டியில் கிடத்தினான். ஆஸ்பத்திரி வாசலை வண்டி எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அம்சத்தின் வயிற்றில் அப்போது குழந்தை துடிக்க ஆரம்பித்திருந்த சமயம்.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "புருஷன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. "மூக்குத்தியில பதிப்பாங்களே, அது..." என்றாள். அவர் சிரித்துவிட்டார். பிணம் பக்கத்தில் கிடந்தது. கடைசியில் வைரக்கண்ணுவின் மனைவி தங்கம்மாள்தான் பெயரைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஊர் ஊராகப் போயிற்று. சுவரில் சுண்ணாம்பால் எழுதினார்கள். ஊர்வலத்தில் "தோழர் ரெத்தினம் நாமம் வாழ்க" என்று கத்திக்கொண்டு போனார்கள். கூட்டத்தோடு நடந்த அம்சம் கையை மட்டும் உயர்த்தினாள். ஊரெல்லாம் சொல்கிற பெயரை அவள் மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு பிள்ளைகள் பிறந்தன. மேலத்தெருவில் ஒரு ரெத்தினம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு. நாகூரிலிருந்து வந்துபோகும் சங்கத்துக்காரர் மீரா உசேன், கொடியேற்றும் இடத்திலேயே குழந்தைகளைக் கையில் வாங்கிப் பெயர் சூட்டினார். சித்திரையில் தங்கம்மாளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. வைரக்கண்ணு தெருவே கேட்கும்படி, "எங்க அண்ணன் வந்துட்டான்! இவன்தான் ரெத்தினம்!" என்று கத்தினான். அம்சம் தன் குடிசைக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனியில் அவளுக்குப் பிறந்தது பெண்.

பெயர் வைக்கும் நாளில் தங்கம்மாள் வந்து உட்கார்ந்தாள். "தமிழரசின்னு வைங்க அக்கா. இல்லாட்டி மலர்க்கொடி. இப்பல்லாம் அப்படித்தான் வைக்கிறாங்க. கேக்கவே நல்லாருக்கு" என்றாள்.

"ரெத்தினம்னு வைக்கிறேன்."

அம்சத்தின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் தங்கம்மாள் திடுக்கிட்டாள்.

"என்னக்கா, மச்சான் பேரைச் சொல்றீங்க!"

"புள்ளை பேரைத்தானே சொல்றேன்."

வைரக்கண்ணு வாசலில் நின்றான். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அண்ணி, நம்ம வீட்டுலயே ஒருத்தன் இருக்கான். சுத்துப்பட்டுல எங்க பாத்தாலும் இந்தப் பேருதான். கூப்பிட்டா பத்துப் புள்ளைங்க திரும்பும். உங்க புள்ளைக்குன்னு தனியா ஒரு பேரு வேணாமா?"

"ஊரே வைக்கட்டும் தம்பி. நான் வேணாங்கல. அவங்க சங்கத்துத் தோழர் பேரை வச்சாங்க. நான் எங்க வீட்டுக்காரர் பேரை வைக்கிறேன்."

பெயர் சூட்ட மீரா உசேனைக் கூப்பிடவில்லை. குழந்தையின் காதில் அவளே மூன்று முறை சொன்னாள்.

அதன்பின் அவளுக்குப் பிடித்த வேலை மகளைக் கூப்பிடுவதுதான். தேவையில்லாமல் கூப்பிடுவாள். நடவு வயலிலிருந்து, வரப்பு மரத்தில் கட்டிய தூளியைப் பார்த்து, "ரெத்தினம்! ரெத்தினம்!" என்பாள். மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குக் கணவன் முகம் கண்ணில் வந்தது. சேற்றுக் காலோடு எழுந்து வருகிற மாதிரியே வந்தது.

குழந்தை நடந்து பேச ஆரம்பித்த பிறகுதான் வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. அம்சம் கூண்டில் ஏறினாள். கணவன் பெயரைக் கேட்டார்கள். "ரெத்தினம்" என்று தலைநிமிர்ந்து சொன்னாள். ஆனால் கூட்டத்தின் பின்னால் நின்றதால் அடித்ததை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் வைரக்கண்ணு. அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கூட்டமா இருந்துச்சுங்க. யாரு அடிச்சான்னு தெரியலைங்க" என்றான். இரண்டாவது தடவை கேட்டபோதும் அதையே சொன்னான். அடியாள் விடுதலையானான். வாசலில் அவனுக்கு மாலை போட ஆட்கள் காத்திருந்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வைரக்கண்ணு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இறங்கி நடக்கும்போதுதான் கேட்டாள்.

"ஏன் தம்பி?"

"மனை மிராசுதாரோடது அண்ணி. குடிசையைப் பிரிச்சுப் போட்டுடுவேன்னு ஆள் விட்டிருந்தாரு. எனக்கும் புள்ளை இருக்கு."

அவள் அழவில்லை, சபிக்கவும் இல்லை. அவன் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றோடு அவன் வீட்டுப் படி ஏறுவதை விட்டுவிட்டாள். வைரக்கண்ணு தன் மகனை "ராசா" என்று கூப்பிட ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வேறு பெயர் கொடுத்தான். ஊர்ப்பக்கத்தில் அந்தப் பெயர் வைத்த மற்றப் பிள்ளைகளும் மெல்லமெல்ல வேறு பெயர்களில் வளர்ந்தார்கள். சுவர் எழுத்து ஒரு மழைக்காலத்தில் கரைந்தது. சில வருஷங்களில் சட்டம் வந்து குடியிருந்த மனை அவரவருக்கே ஆனது. வைரக்கண்ணு அதைக் கேட்டுத் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான் என்று தங்கம்மாள் சொல்லியனுப்பினாள்.

மகளுக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஐப்பசி மாதம், விடாத அடைமழை. வாய்க்கால் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டியைத் தேடிப்போன பெண் மத்தியானம் தாண்டியும் திரும்பவில்லை. அம்சம் கரை நெடுக ஓடினாள். "ரெத்தினம்! அடியே ரெத்தினம்!" தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஒரு மோட்டார் கொட்டகையில் குட்டியைக் கட்டிக்கொண்டு பெண் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள். அம்சம் அவள் முதுகில் ஓர் அடி வைத்து, இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டில் அடுப்பை மூட்டி, மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. அவ்வளவு தடவை கூப்பிட்டும் கணவன் முகம் ஒருமுறைகூடக் கண்ணில் வரவில்லை. இன்று மட்டுமில்லை. எப்போதிலிருந்து வரவில்லை என்று யோசித்தாள். நினைவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் முழுக்க மகளுடையதாகிவிட்டது. அவனுக்கென்று மிச்சமில்லை.

அடுப்பைப் பார்த்தபடி, தனக்கு மட்டும் கேட்கும் குரலில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ரெத்தினம்."

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. கஞ்சி ஆறுது, குடி."