டீச்சர் செய்யாத சத்தியம்

நான் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. டீச்சர் அதில் அடிக்கவில்லை.

எங்கள் தாமான் குடியிருப்பில் கையில் அடித்துச் சத்தியம் செய்யாமல் பிள்ளைகளுக்குள் எந்தக் காரியமும் நடக்காது. அழிப்பானை இரவல் கொடுக்கச் சத்தியம், யார் வீட்டுக் கண்ணாடியை உடைத்தது யார் என்பதை மறைக்கவும் சத்தியம். கையை நீட்டினால் எதிரில் இருப்பவர் பட்டென்று அடித்தாக வேண்டும். தயங்கினால் நட்பு அன்றோடு சரி. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள தம்போயில் ஒரு தமிழ்ப்பள்ளியின் நூலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான்காம் ஆண்டு மாணவியான நான் அந்தக் கையைத்தான் என் வகுப்பாசிரியரிடம் நீட்டினேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்." அவர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டார். "அந்தச் சத்தியத்த மட்டும் என்னால பண்ண முடியாதுமா" என்றார்.

அவரை அன்பே உருவான டீச்சர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எழுத்து கோட்டைத் தாண்டினால் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதச் சொல்வார். டீச்சர் சிரித்தால் அன்று மழை வரும் என்று பேசிக்கொள்வோம். ஆனால் கண்கொத்திப் பாம்பு மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பார். யாருடைய சப்பாத்து கிழிந்திருக்கிறது, யார் காலையில் சாப்பிடாமல் வந்தது, யார் திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டது எல்லாம் அவருக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குப் பயந்தே நாங்கள் முதல் வரிசையில் உட்கார மாட்டோம்.

அம்மாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அப்பா நான் பாலர்பள்ளிக்குப் போகும்போதே இறந்துவிட்டார். என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோனதும், பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டதும் ஒரு பள்ளி வேன். அதை ஓட்டியவரை எல்லாரும் வேன் மாமா என்போம். கோயில் திருவிழாவில் முதல் ஆளாக நின்று மோர் ஊற்றுவார். மழை பெய்தால் குடை பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விடுவார். "அவரு மட்டும் இல்லன்னா என் பொழப்பு அவ்ளோதான் லா" என்று அம்மா சொல்லாத வாரம் இல்லை. வேனின் முன் சீட்டுக்குப் பிள்ளைகளிடையே எப்போதும் அடிபிடி. அது கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் என்று சொல்லி அந்த ஆண்டு எனக்குக் கொடுத்தார். எல்லாரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்குவதும் நான்தான். அந்தச் சீட்டில் அவர் என்னிடம் நடந்துகொண்ட விதம் தப்பு என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத வேண்டியதில்லை. வெளியே சொன்னால் அம்மாவின் வேலை போய்விடும் என்று அவரே எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். பத்து வயதுப் பிள்ளையின் வாயை மூட அது போதும்.

வாய் பேசாததை வயிறு பேசியது. பள்ளி விடும் நேரம் நெருங்கினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவேன். நடிப்பு இல்லை, உண்மையிலேயே வலித்தது. வேன் மாமாகூட "பாவம், புள்ளைக்கு என்னாச்சு" என்று அம்மாவிடம் விசாரித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கிளினிக்கில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். அம்மா குழம்பில் மிளகாயைக் குறைத்தார். டீச்சர் மட்டும்தான் வலி வரும் நேரத்தைக் கவனித்தார். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் என்னை நூலக வாசலுக்கு அழைத்தார். ஆள் நடமாட்டம் உள்ள இடம். எங்களை யாரும் பார்க்கலாம், பேசுவது மட்டும் கேட்காது. நோட்டுகளைத் திருத்திக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேச்சைத் தொடங்கினார்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் ஸ்கூலுக்கு வர்றப்பதான் வயித்து வலி வரும். உனக்கு மட்டும் ஏன்மா வீட்டுக்குப் போறப்ப வருது?"

நான் பெஞ்சு விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு நோட்டை எடுத்து விரித்தார். "சரி, எப்ப நிக்கும்?" என்றார்.

"வேன விட்டு எறங்குனா நின்னுடும்."

சிவப்புப் பேனா அப்படியே நின்றது. அதன் பிறகு அவர் எதையும் துருவிக் கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது, கையை நீட்டினேன். அவர் மறுத்ததும் வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. "உங்கள நம்பித்தானே சொன்னேன்!" என்று கத்தினேன். "நீ நம்புனதாலதான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேங்கிறேன். இத நான் சொல்லியே ஆகணும். ஆனா யார்கிட்ட சொல்றதா இருந்தாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். நீ ஒரு தப்பும் பண்ணலமா. என்மேல கோவமா, கோவப்படு, பரவால்ல." சொன்னபடியே செய்தார். தலைமையாசிரியர், அம்மா, போலீஸ், சமூகநல அலுவலகம் என்று ஒவ்வொருவரிடமும் போவதற்கு முன்னும் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். பெரியவர்கள் ஒரு காரியம் செய்யுமுன் என்னிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

அன்று மதியமே அம்மா பாலத்தைத் தாண்டி ஓடி வந்தார். அடிப்பாரோ, என்னால் வேலை போய்விட்டது என்பாரோ என்று நான் பள்ளி அலுவலகத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வந்ததும் கேள்வி கேக்காதீங்க, முதல்ல புள்ளையக் கட்டிப் புடிங்க" என்று டீச்சர் தொலைபேசியிலேயே சொல்லி வைத்திருக்கிறார். அம்மா அதை அப்படியே நிறைவேற்றினார். ஹெல்மெட்டைக் கழற்றத்தான் மறந்துவிட்டார். அது இடித்து என் நெற்றி புடைத்துப் போனது. டீச்சர் சிற்றுண்டிச் சாலையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, கைக்குட்டையில் சுற்றி என் நெற்றியில் வைத்தார். "வேல போனா வேற வேல. நீ போனா நான் எங்கடி போவேன்?" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேன்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிறகு தண்டனையும் கிடைத்தது. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கோயில் பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர் பள்ளிக்கே வந்துவிட்டார். "பொம்பளப் புள்ள விஷயம் டீச்சர். வெளிய தெரிஞ்சா யாருக்கு நஷ்டம்?" என்றார். "மூடி வச்சா யாருக்கு லாபம்னு நீங்களே சொல்லுங்க" என்றாராம் டீச்சர். வந்தவர் தனக்கு வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். அந்த ஆண்டு முடியும்வரை என்னையும் அந்த வேனில் வந்த மற்றப் பிள்ளைகள் சிலரையும் டீச்சர்தான் தன் பழைய காரில் கொண்டுவந்து விட்டார். முன் சீட்டில் தன் கைப்பையை வைத்துவிடுவார். நாங்கள் எல்லாரும் பின்னால் நெருக்கியடித்து உட்காருவோம். வயிற்று வலி எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

சென்ற மாதம் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இப்போதெல்லாம் இதைப் பற்றி மேடையில் ஒலிபெருக்கி வைத்தே பேசுகிறார்கள், கேட்க நிம்மதியாக இருக்கிறது. பிள்ளை ரகசியம் காக்கச் சொன்னால் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றார் ஆலோசக ஆசிரியை. பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்து, "அப்புறம் அந்தப் புள்ள நம்மள எப்படி நம்பும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆசிரியைக்கு முன்னால் என் வாய் முந்திக்கொண்டது. "கொஞ்ச நாளைக்கு நம்பாது அண்ணே. அப்புறம் ஆயுசுக்கும் நம்பும்." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

அங்கே சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாலை, எங்கள் வீட்டு கேட் அருகே இடைநிலைப்பள்ளிச் சீருடையில் ஓர் அக்கா வந்து நின்றார். நான் சேர்வதற்கு முன்னால் அதே வேனில் போய்வந்தவர். முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"நீ சொல்லிட்டியாமே. எப்படிச் சொன்ன?" என்றார்.

"டீச்சர் கேட்டாங்க."

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "என்னைய யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் நான் அதை டீச்சரிடம் சொன்னேன். அன்று எங்களை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. அந்த அக்கா வீட்டு வாசலில் அவருடைய கார் பொழுது சாயும்வரை நின்றிருந்தது.