மெழுகடுப்புக்குப் பட்டு

எங்கள் வீட்டில் மெழுகு காய்ச்சுகிற நாட்களில் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டுதான் அடுப்பருகே உட்கார வேண்டும். பதுளைக் கடைவீதியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. "ஊர்ல கல்யாணத்துக்குப் பட்டு கட்டுவாங்க, நம்ம வீட்டுல அடுப்பூதப் பட்டு" என்று என் கணவரே வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார். அவர் துணிக்கடை வைத்திருப்பவர். பட்டு கெட்டால் அவருக்கு வலிக்கும். ஆனாலும் வேண்டாமென்று ஒரு நாளும் சொன்னதில்லை.

முன்பு சட்டம் இதற்கு நேர்மாறாக இருந்தது.

மெழுகு வேலைக்கு நான் வந்தது அந்தக் கடையால்தான். ஒருமுறை ஜாவாவிலிருந்து இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாரங்கள் வந்தன. நீலத் துணியில் வெள்ளைப் பூ. பூவுக்குள் மயிரிழை போல ஓரிரண்டு நீலக் கோடுகள். "அது மெழுகு வெடிச்ச இடம்" என்று சாரம் வாங்க வந்த மலாய்க்காரப் பெண் சொன்னார். துணியில் மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது, பிறகு வெந்நீரில் போட்டால் மெழுகு கழன்றுவிடும் என்று அவர் சொல்லக் கேட்ட அன்றைக்கு என் மனசு அதில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் படம் எழுதுவதற்கு மட்டுமே பெயர் வாங்கியவள் நான். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி, பல கஜம் பட்டைப் பாழாக்கி, ஒருவழியாகக் கை படிந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரைசாணிகள் என் சால்வைகளைத் தேடி வந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நன்றிதான் வருகிறது.

எங்களுக்கு ஒரே மகள். அவள் தவழத் தொடங்கிய நாளிலிருந்து நான் பயந்த பொருள் என் சொந்த மெழுகுச் சட்டிதான். அவளுக்கு இரண்டு சட்டம் போட்டிருந்தேன். பட்டு கட்டிக்கொண்டு மெழுகுக்குப் பக்கத்தில் வராதே; ஒரு சொட்டு விழுந்தாலும் துணி போச்சு. மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, மூடு. வேளைக்கு வேளை நான் சொல்லக் கேட்டு, அவள் அதை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுப் பாடி என்னைக் கேலி செய்வாள். வளர்ந்தபோது கோடு இழுப்பதில் அவள் கை என் கையைவிட நிதானமாக இருந்தது. பயந்துகொண்டே அவளையும் அடுப்பருகே உட்கார விட்டேன்.

அந்த வருஷம் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலுக்குக் கொடிச்சீலை கேட்டு ஒரு கங்காணி வந்தார். அவர்களுடைய பழைய கொடியில் சிங்கத்தை வெறும் வர்ணத்தில் எழுதியிருந்தார்கள். திருவிழாவில் மழை பிடித்து, கடைசியில் வால்தான் மிஞ்சியதாம்.

"மழைக்கு அசையாத சிங்கமா வேணுங்க" என்றார்.

மஞ்சள் பட்டில் சிங்கத்தை மெழுகால் எழுதி, துணியைச் சிவப்புச் சாயத்தில் முக்கினேன். காலைக் குளிரில் மெழுகு பொடிந்துபோயிருந்தது எனக்குத் தெரியவில்லை. சிங்கத்தின் முகம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். பார்க்க வந்த கங்காணி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னாங்கம்மா, சிங்கத்துக்கு அம்மை போட்டிருக்கு?"

"மாரியம்மன் சிங்கத்துக்குப் போடாம வேற யாருக்குங்க போடும்?" என்றாள் என் மகள்.

கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் வேறு சிங்கம் வேண்டுமென்று சொல்லிவிட்டுத்தான் போனார். கெட்டுப்போன சீலையை மடித்துப் பெட்டியில் போட்டேன்.

இரண்டாவது சீலைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்த அன்று மகள் ஒரு புதுப் பாவாடையில் வந்து உட்கார்ந்தாள். முழங்காலருகே அந்த அம்மை போட்ட சிங்கம்! எனக்குத் தெரியாமல் எடுத்துத் தைத்திருக்கிறாள்.

"கழட்டுடி அதை! பட்டோட இங்க வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வீணாப்போன துணிதானேம்மா. இந்தப் பக்கத்து மீசையை மட்டும் போட்டுட்டு மாத்திக்கிறேன்."

நானே மாற்ற வைப்பதென்று கொல்லைக்குப் போய், கொடியில் காய்ந்த அவளுடைய பருத்திப் பாவாடையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வாசற்படி தாண்டும்போது சட்டி சரிந்தது. கரியடுப்பின் மேல் மெழுகு கொட்டி, நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவள் பாவாடை ஓரத்திலும் பிடித்துக்கொண்டது.

என் கையில் தண்ணீர்க் குடம் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நெருப்பில் ஊற்றப் போனேன்.

"தண்ணி ஊத்தாதேம்மா! மூடு!" என்று அவள் கத்தினாள். அதே ராகம். கத்திக்கொண்டே காலியாக இருந்த சாயத் தொட்டியைத் தூக்கி அடுப்பின் மேல் கவிழ்த்தாள். நெருப்பு உள்ளேயே அடங்கியது. நான் அவள் பாவாடையைப் பார்த்தேன். ஓரத்தில் ஓடிய நெருப்பு சாண் தூரம் போகவில்லை. துணி சுருண்டு, கருகி, தானாக அணைந்துவிட்டது. மெழுகு தெறித்த பாதத்தில் மட்டும் வெற்றிலை அகலத்துக்கு வெந்திருந்தது. குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றினேன்.

சத்தம் கேட்டு என் கணவர் கடையிலிருந்து ஓடி வந்தார். வீடெல்லாம் மயிர் கருகின நாற்றம். பிள்ளையின் தலையைத்தான் முதலில் தடவினார். பிறகு பாவாடையின் கருகின ஓரத்தைப் பார்த்தார்; விரலால் நசுக்கினார். கடையில் தினமும் செய்கிற காரியம் அது. சந்தேகப்படுகிற வாடிக்கைக்காரர்களுக்கு ஓர் இழையைக் கொளுத்திக் காட்டுவார். பருத்தியென்றால் நின்று எரியும். பட்டென்றால் மயிர் நாற்றத்தோடு சுருண்டு அணைந்து, நசுக்கினால் பொடியாகும். எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நான்.

"அசல் பட்டு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

என் தோளில் அந்தப் பருத்திப் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டியை ஆற்றில் வீசிவிடுகிறேன் என்றேன். கால் புண் ஆறும்வரை பொறுத்திருந்த மகள், "சிங்கத்தை ஒரு பக்கத்து மீசையோட கோயிலுக்கு அனுப்பப் போறியா?" என்று கேட்டாள். என் கை நடுக்கம் நிற்கவில்லை. இப்போதும் முழுக்க நின்றபாடில்லை. அதனால் கோடெல்லாம் அவள் இழுத்தாள். நான் சட்டியை இடுக்கியால் பிடித்தபடி, வேறெங்கும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவர் இடுப்பிலும் பட்டு.

கொடியேற்றத்தன்று எதிர்பார்த்த மாதிரியே மழை. சிங்கம் அசையவில்லை. லயத்து வீடுகளிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்கள் எல்லாரும் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். நான் பக்கத்தில் நின்ற என் மகளின் முழங்காலருகே இருந்த, அம்மை போட்ட சிங்கத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். ஓரம் வெட்டித் தைத்ததில் பாவாடை கொஞ்சம் குட்டையாகியிருந்தது.

"என்னம்மா, என் காலையா கும்பிடுறே?"

"பேசாம நில்லுடி" என்றேன்.