சூரியன் மேல் ஒரு தலையணை

அன்றைக்கு எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டில் இருந்து வந்த என் வகுப்புத் தோழி, நான். அப்பாவும் இருந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்து உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார் என்பதால் அவரை யாரும் கணக்கில் வைக்கவில்லை. நைட் ஷிப்ட் அப்பா இருக்கும் வீட்டில் பகல் என்பது குசுகுசுவென்றுதான் நடக்கும். மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். எனக்குப் பேச்சு வந்ததே மெதுவாகத்தான் வந்தது.

அப்போது யூகேஜி. அந்த வாரம் மிஸ் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பிள்ளை வாயைத் திறப்பதில்லை, ஒர்க்‌ஷீட் கொடுத்தால் வெள்ளையாகவே திருப்பித் தருகிறாள், திங்கட்கிழமை பெரிய மிஸ் கேள்வி கேட்கும்போதும் இப்படியே நின்றால் இன்னொரு வருஷம் யூகேஜியிலேயே உட்கார வேண்டியதுதான். தோழி ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள், நான் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன் என்று அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். கவலைப்படுவதில் மட்டும் நான் அப்போதே வகுப்பில் முதல்.

சனிக்கிழமை காலை அம்மா ஒரு கட்டு ஒர்க்‌ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நான் பென்சிலைக் கடித்தேன். பிறகு தாளின் மூலையைக் கடித்தேன். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தப்பாவும் மைன்ஸில்தான், கான்ட்ராக்ட் வேலை. அன்று அவருக்கு வேலை இல்லை. கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி இது, பாத்தா எனக்கே ஜுரம் வர்றாப்ல கீது" என்றார். மைன்ஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு உண்டாம். தாளைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்களாம். ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து, மாட்டு, கழற்று, மறுபடி மாட்டு என்பார்களாம். "எரும மாதிரி கீற எனக்கே அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இது கொழந்த."

அம்மா நம்பவில்லை. ஆனால் கட்டை எடுத்து அலமாரி மேல் போட்டாள். எனக்கு அப்போதே மூச்சு வந்தது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது, அவ்வளவு கும்மாளம். தட்டில் ரவையைக் கொட்டி விரலால் எழுத்து எழுதினோம். தப்பாக வந்தால் தட்டை ஒரு குலுக்கு, எழுத்து போயிற்று, திட்ட ஆள் இல்லை. தரையில் சித்தப்பா சாக்பீஸால் பெரிய பெரிய எண்கள் போட, முத்தாண்டிக்குப்பத்தில் இருந்து வந்த பலாக்கொட்டைகளை அதன் மேல் வரிசையாக அடுக்கினோம். எட்டின் வளைவில் தோழியும் நானும் முட்டிக்கொண்டோம். செருப்புகளை ஜோடி சேர்த்தோம். எல்லாம் குசுகுசுப்பாகத்தான். சிரிப்பு வந்தால் ஆளுக்கொரு துணியை வாயில் வைத்துக்கொண்டோம்.

பிறகு சித்தப்பா கூடத்தில் ஒரு பக்கம் சூரியன் வரைந்தார், இன்னொரு பக்கம் நிலா. வீட்டில் இருக்கிற சாமான்களை எடுத்து வந்து பகலுக்கு ஆவதைச் சூரியனிலும் ராத்திரிக்கு ஆவதை நிலாவிலும் வைக்க வேண்டும். நாங்கள் ஓடினோம். தோழி பல் துலக்கும் பிரஷ்ஷையும் ஸ்கூல் பையையும் சூரியனில் வைத்தாள். நான் அப்பாவின் ஹெல்மெட்டைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து நிலாவில் வைத்தேன். டார்ச்சை வைத்தேன். சாப்பாட்டுக் கேரியரை வைத்தேன். அப்புறம் பூனை மாதிரி உள் அறைக்குள் நுழைந்து, அப்பாவின் தலைக்குக் கீழே இருந்து தலையணையை உருவிக்கொண்டு வந்து சூரியன் நடுவில் போட்டேன்.

தோழிக்குப் பொறுக்கவில்லை. அவள் அப்பா ஆபீஸில் வேலை, ஜெனரல் ஷிப்ட். "ஐய, தலகாணிய நெலாவுலதான் வெக்கணும். ராத்திரிலதான தூங்குவாங்க" என்று தலையணையை இழுத்தாள்.

நான் விடவில்லை. "எங்கப்பா பகல்லதான் தூங்குவாரு!"

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. தெரு வரைக்கும் போயிருக்கும்.

அம்மா என் வாயைப் பொத்த வந்தவள் பாதியில் நின்றாள். அவளுக்கு ஒரு சிவப்புப் பேனா பெருக்கல் குறி ஞாபகம் வந்துவிட்டது. சில வாரங்களுக்கு முன்னால் ஒர்க்‌ஷீட்டில், தூங்குகிற ஆளின் படத்தைச் சூரியனோடு கோடு போட்டு இணைத்திருந்தேன். மிஸ் தப்புப் போட்டார். இதுகூடத் தெரியாதா என்று அம்மாவும் போட்டாள் இரண்டு. அதற்குப் பிறகுதான் நான் எந்தத் தாளிலும் பென்சில் வைக்கவில்லை.

"உங்க அண்ணன் தூங்குறததான் போட்டிருக்கா, தம்பி. நான் அடிச்சிட்டேன்" என்றாள் அம்மா, சித்தப்பாவிடம்.

அதற்குள் உள் கதவு திறந்தது. எல்லோரும் அப்படியே நின்றோம். அப்பா லுங்கியைப் பிடித்தபடி, கண் சிவக்க, "எவன்டா என் தலகாணிய உருவனது?" என்றார். நீங்க போய்ப் படுங்க, ஒன்றும் இல்லை என்று அம்மா கெஞ்சினாள். அப்பா தரையைப் பார்த்தார். நிலாவில் அவருடைய ஹெல்மெட், டார்ச், கேரியர். சூரியனில் அவருடைய தலையணை. சித்தப்பா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அப்பா என்னையே பார்த்தார்.

"கத்துனது இவளா?"

"இவதான்."

"இவ சத்தத்த இன்னிக்கித்தான் கேக்கறன்" என்றார். என்ன செய்தார் தெரியுமா? வந்து சூரியன் நடுவில், தலையணை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவ சொல்லு. சத்தமா."

சொன்னேன். இன்னும் சத்தமாக என்றார். அம்மா படுங்க படுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வரை ரவையும் பலாக்கொட்டையும்தான். அப்பா வேண்டுமென்றே ஏழு என்ற எண்ணைத் திருப்பிப் போடுவார், நான் கத்தித் திருத்துவேன். மிக்ஸிகூட ஓடியது அன்றைக்கு.

திங்கட்கிழமை பெரிய மிஸ் அதே சூரியன், நிலாவைத்தான் காட்டினார். ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் எதில் அப்பா எப்போது தூங்குவார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, போம்மா, ஒன்றாம் வகுப்புக்குப் போ என்றார். என் படிப்பு பத்தாவதோடு நின்றது வேறு கதை. அன்றைக்கு நான்தான் ராணி.

ஆனால் சனிக்கிழமை இரவைச் சொல்லி முடிக்கவில்லை. அப்பா மறுபடி ஷிப்டுக்குக் கிளம்பினார். நிலக்கரியை அள்ளிக்கொண்டு ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில்தான் அவருக்கு வேலை, கண் அசந்தால் ஆளையே இழுத்துவிடும். பல்லைக் கடித்துக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அம்மா பிளாஸ்க்கில் திக்காகக் காபி ஊற்றிக் கொடுத்தாள். நான் வாசலுக்கு ஓடிப்போய், எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்த குரலில் கத்தினேன்.

"அப்பா, நாளைக்கும் தூங்காத!"

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். நாள் முழுக்கப் பேசு பேசு என்றவர்கள் இப்போது ஏன் பொத்துகிறார்கள் என்று எனக்குக் கோபம். அப்பாவின் சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. அப்பா அன்றைக்குச் சரியாகத் தூங்கவே இல்லை என்பது அவளுக்குத்தான் ஞாபகம் இருந்தது.