தொண்ணூற்றாறுக்கு முன்னால் ஓர் இடைவெளி

அபிதகுஜாம்பாள் என்ற பெயரை ஆபீஸில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவள் அபிதா மேடம். இரும்புலியூர்க்காரி, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ், அதுவும் முதல் வகுப்பில். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ரப்பர் வளையம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் 1993-ல் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதைத் தொடும் உரிமை அவளுக்கு மட்டும்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஏ.சி. ரூமுக்குள் போகவேண்டும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

வேலை சுலபம். வளையங்களைப் பாக்கெட் போடும் பெண்கள் முப்பது பேர். ஆளுக்கொரு பத்தி. தினமும் அவரவர் போட்ட பாக்கெட் எண்ணிக்கையை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினால், பத்தியின் அடியில் மாதக் கூட்டுத்தொகையை மெஷினே போட்டுக்கொண்டு வரும்.

ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவள் கையில் ஏறிய பழக்கம் ஒன்று உண்டு. மூன்று இலக்க எண்ணுக்குக் கீழே இரண்டு இலக்க எண் வந்தால், வரிசை பிசகாமலிருக்கக் அதற்கு முன்னால் கட்டைவிரல் தானாக ஒரு ஸ்பேஸ் தட்டும். கம்ப்யூட்டரிலும் தட்டியது. தட்டியதும் அந்த எண் மட்டும் கட்டத்தின் இடது ஓரம் போய் ஒட்டிக்கொள்ளும். இதென்ன அடம் என்று இன்னும் நாலு ஸ்பேஸ் தட்டி அதை வரிசைக்குத் தள்ளிவிடுவாள். பத்தி அழகாக நிற்கும். ஸ்பேஸோடு வந்ததை மெஷின் எண்ணாகவே மதிக்காது, வெறும் எழுத்தென்று கூட்டலில் விட்டுவிடும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த முப்பது பேரில் மற்றவர்கள் பெரும்பாலும் தினம் நூறைத் தாண்டிவிடுவார்கள். கன்னியம்மா மட்டும் ஒவ்வொரு வளையத்தையும் திருப்பிப் பார்த்துப் போடுகிறவள். பாதி நாள் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு என்று நின்றுவிடும். மாதக் கூட்டுத்தொகை வந்தபோது எல்லோருக்கும் இரண்டாயிரத்துக்கு மேல், அவளுக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். மேனேஜர் சாம்பசிவன் அந்தத் தாளைக் காட்டி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்.

கன்னியம்மா ஏ.சி. ரூம் வாசலில் வந்து நின்றாள். "ஒருநாள்கூட தொண்ணூறுக்குக் கீழ போட்டதில்லம்மா. டெய்லி நானே எண்ணிதான் குடுத்துகினு கீறேன். நல்லா பாரும்மா."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது கன்னியம்மா. நீங்கதான் எண்ணறதுல கோட்டை விட்டிருப்பீங்க" என்றாள் அபிதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்து வாரம் கழித்து, வேறொருத்தியின் பத்தியில் 98 அடித்தபோது, அடியிலிருந்த கூட்டுத்தொகை அசையாமல் நின்றது தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஸ்பேஸ் இல்லாமல் அடித்தாள். தொகை ஏறியது. பழைய ஃபைலைத் திறந்து, கன்னியம்மாவின் பத்தியில் எண்களுக்கு முன்னாலிருந்த ஸ்பேஸ்களைக் கட்டம் கட்டமாக அழித்தாள். பன்னிரண்டு கட்டம். தொகை இரண்டாயிரத்து நானூற்று எழுபத்தெட்டு ஆனது.

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாம்பசிவன் அறைவரை போனாள்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். பிரிண்டருக்குப் பேப்பர் தீர்ந்துபோச்சு."

சொல்லியிருந்தால் அவள் வேலை போயிருக்காது. நாலு வார்த்தை திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்குப் பயந்து ஒருத்தியின் பிழைப்பை விட்டுக்கொடுத்தாள். வெட்கத்தில் கூனிக்குறுகி, அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வருஷம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டின் கீழே கன்னியம்மா எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். அபிதா ஒதுங்கிப் போவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"நல்லா கீறியாம்மா?" முகத்தில் துளி கோபமில்லை.

"ம். பத்துப் பழம் குடுங்க."

கன்னியம்மா கூடையை அவள் பக்கம் தள்ளினாள். "நீயே எண்ணி எடுத்துக்கோம்மா. எனக்கு எண்ண வராது. அன்னிக்கு நீ சொன்னியே, அப்பால நான் யாருக்கும் எண்ணிக் குடுக்கறதில்ல."

அபிதா குனிந்து எண்ணினாள். நாலுக்கு மேல் கண்ணீர் மறைத்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"சரியா கீதாம்மா?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"சரியா இருக்கு" என்றாள் அபிதா.